கூடாரத்தில் ஓர் இரவு: கொழும்பிலிருந்து கிளம்புகிறவர் எந்த வகையைத் தேர்வது?

கொழும்பில் ஒரு குடும்பம் கூடாரத்தில் தங்கப் போவதென்று தீர்மானித்தால், பெரும்பாலும் முதலில் நடப்பது கூடாரம் வாங்குவதுதான். இணையக் கடையில் படத்தைப் பார்த்து, 'நான்கு பேருக்கு' என்று போட்டிருப்பதை நம்பி, தள்ளுபடி முடிவதற்குள் வாங்கிவிடுகிறார்கள். எங்கே போவது, எந்த மாதத்தில் போவது, யார் யார் வருவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஒரே முறை நனைந்து, சரியாகக் காயாமல் சுருட்டப்பட்டு, அலுமாரிக்கு மேலே பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும் கூடாரங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் எத்தனையோ இருக்கும்.

கூடாரம் கடைசியாக வர வேண்டிய விடயம். என்னிடம் யாராவது ஆலோசனை கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இரவு இரண்டு மணிக்கு உங்கள் கூட்டத்தில் அதிகம் சிரமப்படப் போகிறவர் யார்? முழங்கால் வலியுள்ள அம்மம்மாவா, மூன்று வயதுப் பிள்ளையா, இருட்டில் வெளியே கால் வைக்கத் தயங்கும் தங்கையா? அந்த நேரத்தில் அவருக்கும் கழிப்பறைக்கும் எவ்வளவு தூரம், அவருக்கும் வாகனத்துக்கும் எவ்வளவு தூரம்? இந்த இரண்டு தூரங்களும் தெரிந்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும். மீதிப் பாதியை மழை தீர்மானிக்கும். பணம் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. நம்மவர்கள் அதைத்தான் முதலில் வைக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இடம்பெயர்ந்து, தறப்பாளுக்குக் கீழே மாதக்கணக்கில் படுத்து எழும்பியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூடாரம் பொழுதுபோக்காகத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. 'நல்ல அனுபவமாக இருக்கும், வாருங்கள்' என்று இழுத்துக்கொண்டு போகாமல் முதலில் கேளுங்கள். வர விருப்பமென்றால், பக்கத்தில் சுவரும் கூரையும் உள்ள ஓர் அறையை அவர்களுக்கென்று ஒதுக்கக்கூடிய இடமாகப் பார்ப்பது நல்லது.

மழைதான் முதல் நடுவர்

கொழும்பிலிருந்து இரண்டு மணி நேரம் ஓடினாலே வேறொரு காலநிலைக்குள் போய்விடலாம். இது நமக்குக் கிடைத்த வசதி, அதே நேரம் பொறியும் கூட. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளை நனைத்துக்கொண்டே இருக்கும். கித்துல்கலவிலிருந்து வட்டவளை வரை ஏறும் அந்தச் சரிவு நாட்டிலேயே அதிகம் மழை பெறும் பகுதிகளில் ஒன்று. வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. கொழும்பு பெறுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. ஆனால் அதே மாதங்களில் வில்பத்து, உடவளவை, அறுகம்குடாப் பக்கமெல்லாம் காய்ந்து கிடக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை கிழக்கையும் வடக்கையும் பிடித்துக்கொள்ள, ஜனவரி தொடக்கம் மேற்கும் தெற்கும் தெளிகின்றன.

ஒக்டோபரும் நவம்பரும் இந்தக் கணக்குக்குள் அடங்காதவை. மாலையானால் எங்கும் இடி, மின்னல். இடையிடையே வங்கக்கடலில் தாழமுக்கம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த இரண்டு மாதங்களில் மலைச்சரிவில் கூடாரம் போடும் எண்ணமே வேண்டாம் என்பது என் கட்சி. மற்ற மாதங்களிலும் மலைப்பக்கம் போவதானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார் நிலை, சிவப்பு என்றால் வெளியேறல். கூடாரத்தில் படுக்கப் போகிறவருக்கு மஞ்சளே போதும், பயணத்தைத் தள்ளிப்போட.

இதைப் பாடசாலை விடுமுறையோடு பொருத்திப் பாருங்கள். ஓகஸ்ட் என்றால் உலர்வலயம். டிசெம்பர் கடைசி வாரத்திலிருந்து மேற்கும் தெற்கும் நம்பக்கூடியவை. ஏப்ரலில் வெப்பமும் பின்னேர இடிமழையும் சேர்ந்து வருவதால் அந்த மாதத்துக்குத் திறந்தவெளியை விடக் கூரையுள்ள ஏதாவது நல்லது. கிழமையில் நடுவே வரும் போயா தினத்தை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அதே போயாவுக்கு அரைக் கொழும்பும் அதே திட்டத்தோடு கிளம்பும்.

போட்டு வைத்திருக்கும் கூடாரம்

ஹட்டன் செல்லும் ஏ7 வீதியில், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றரில் கித்துல்கல. களனி கங்கையில் படகுச் சவாரிக்குப் போகிறவர்களை நம்பி, ஆற்றின் இரு கரைகளிலும் கூடாரத் தங்குமிடங்கள் இருக்கின்றன. கூடாரம், மெத்தை, போர்வை எல்லாம் அவர்களுடையவை. இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு, பொதுக் கழிப்பறை, குளிக்க ஆறு. நீங்கள் மாற்றுடுப்போடு போய் இறங்கினால் போதும்.

முதன்முறை போகும் குடும்பத்துக்கு இதைத்தான் சொல்வேன். கெட்டுப்போகக்கூடிய விடயங்கள் குறைவு. பிள்ளைக்குப் பிடிக்கவில்லையென்றால் விடிந்ததும் வீடு வரலாம். பொருள் வாங்கிய நட்டமும் இல்லை.

ஆனால் இடத்துக்கு இடம் தரம் மலைக்கும் மடுவுக்குமாக மாறும். படத்தில் எல்லாமே பச்சையாக, அமைதியாகத் தெரியும். தொலைபேசியில் கேட்க வேண்டியவை வேறு. அந்த வார இறுதிக்கு அலுவலகக் கூட்டம் ஏதாவது பதிவு செய்திருக்கிறதா? ஐம்பது பேர் ஒலிபெருக்கியோடு வந்திருந்தால் ஆற்றின் சத்தம் உங்களுக்குக் கேட்காது. பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும்? எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை? கூடாரம் மண்ணில் நிற்கிறதா, பலகை மேடையில் நிற்கிறதா? மேடையில் என்றால் மழைக்குக் கவலையில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு என்பவர்கள் முற்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அங்கே இரவுச் சாப்பாடு என்றாலே நெருப்பில் வாட்டிய கோழி என்றாகிவிட்டது. கடைசி நேரத்தில் சொன்னால் பாணும் பருப்பும்தான் கிடைக்கும்.

ஆற்றங்கரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கித்துல்கலவுக்கு மேலே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் லக்ஷபான மின்நிலையங்களும் இருக்கின்றன. ஆற்றின் மட்டம் உங்கள் தலைக்கு மேல் உள்ள வானத்தை மட்டும் பார்த்து மாறுவதில்லை. மேலே மழை பெய்தாலும் மாறும், மின்னுற்பத்திக்காக நீர் விட்டாலும் மாறும். ஆகவே ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்திட்டில் கூடாரம் போட்டுத் தருகிறோம் என்று ஒருவர் சொன்னால், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கரையில் உள்ள மரங்களைப் பார்த்தால் பழைய வெள்ளம் விட்டுப்போன சருகும் பொலித்தீனும் கிளைகளில் தொங்கும். அந்த உயரத்துக்கு மேலேதான் படுக்கை.

சொந்தக் கூடாரம், பக்கத்தில் வாகனம்

இரண்டாவது முறைக்கு இது பொருந்தும். காரையோ வானையோ நிறுத்திவிட்டு அதற்குப் பக்கத்திலேயே கூடாரம். அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்க் கலன், மடிப்புக் கதிரை எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளலாம். பாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். இடைநடுவில் மழை பிடித்தால் பிள்ளைகளை வாகனத்துக்குள் தூக்கிப் போடலாம்.

சிக்கல் இடம்தான். கண்ட இடத்தில் கூடாரம் போடலாம் என்ற நிலை இலங்கையில் இல்லை. காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கோ வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ உரியது. தோட்டம் கம்பனிக்கு உரியது. குளக்கட்டில் போட்டால் யானை வரும். எனவே நடைமுறையில் தனியார் காணிதான் வழி. பொல்கொட ஏரிக்கரையில் சில இடங்கள் இருக்கின்றன. கொழும்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சிலாபம், குருநாகல் பக்கம் தெரிந்தவர்களின் தென்னங்காணி இருந்தால் அதைவிட வசதி வேறில்லை. ஒரே நிபந்தனை: தென்னைக்குக் கீழே கூடாரம் போடாதீர்கள். தேங்காய் ஒரு பக்கம், காய்ந்த மட்டை ஒரு பக்கம். காணியில் கட்டாயம் ஒரு வெளி இருக்கும். வெயில் பட்டாலும் அங்கேதான்.

இந்த வகைக்குத்தான் கூடாரம் வாங்க வேண்டி வருகிறது. வாங்குமுன் ஒரு முறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், கொழும்பில் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. 'நான்கு பேருக்கு' என்பது நான்கு பேர் தோளோடு தோள் உரசி, பை எதுவும் இல்லாமல் படுப்பதற்கான அளவு. அதிலிருந்து இரண்டைக் கழித்தால் உண்மைக் கணக்கு வரும். நம் தாழ்நில இரவுகளில் வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே போவதே அரிது. ஆகவே குளிரைத் தடுப்பதை விடக் காற்று உள்ளே வருவதுதான் முக்கியம். உள்கூடாரத்தின் பெரும்பகுதி நுளம்பு வலையாகவும், அதற்கு மேலே தனியாக ஒரு மழைத்துணியாகவும் உள்ள இரட்டை அடுக்குக் கூடாரத்தையே எடுக்க வேண்டும். ஒற்றை அடுக்கில், நாம் விடும் மூச்சே விடியற்காலையில் துளியாகச் சொட்டும். மழைத்துணியின் நீர்தாங்கும் அளவை மில்லிமீற்றரில் எழுதியிருப்பார்கள். 1500 என்பது தூறலுக்குச் சரி. நமது மழைக்கு 3000 ஆவது இருக்க வேண்டும்.

நல்ல கூடாரத்துக்குள்ளும் தண்ணீர் வருவதற்கு ஒரு சிறிய காரணம் போதும். அடியில் விரிக்கும் தறப்பாளைப் பெரிதாக, தாராளமாக, கூடாரத்துக்கு வெளியே நான்கு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி விரிப்பார்கள். மழைத்துணியில் வழியும் நீர் அந்த விளிம்பில் விழும். மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் தறப்பாளின் மேலேயே கூடாரத்துக்கு அடியில் ஓடும். நள்ளிரவில் முதுகு நனையும். தறப்பாளின் ஓரத்தை உள்ளே மடித்து, கூடாரத்தின் அடித்தளத்தைவிட ஒரு கை அகலம் சிறிதாக்கிவிட்டால் நீர் மண்ணில் விழுந்து போய்விடும். மழைத்துணியின் கயிறுகளையும் முளையில் இறுக்கிக் கட்ட வேண்டும். தொய்ந்த துணி உள்கூடாரத்தில் ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் ஒழுகும். மழை இல்லை என்று கயிறு கட்டாமல் படுப்பவர்களைத்தான் மழை தேடி வரும்.

பாம்புப் பயம் எல்லோரும் கேட்பது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைத் தூக்கத்தில் கடிப்பதுதான் அதன் வழக்கம். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரிதாக இராது என்பதால் கடிபட்டதே தெரியாமல் போகலாம். இந்த விடயத்தில் அடித்தளம் சேர்த்துத் தைத்த, சிப் முழுதாக மூடிய கூடாரம் திறந்த கொட்டிலை விடப் பாதுகாப்பானது. சிப்பைத் திறந்து வைத்துவிட்டு வெளியே கதை பேசும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். செருப்பை உதறிப் போடுவது, டோர்ச் இல்லாமல் இறங்காதிருப்பது, இரண்டையும் பிள்ளைகளுக்கு முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

சரணாலயத்துக்குள் ஓர் இரவு

யால, வில்பத்து, உடவளவை போன்ற தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் கூடாரம் போட இடங்களை ஒதுக்கியிருக்கிறது. திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லயில். நமக்கு வீட்டுக்குப் பக்கம். எல்லா வகைகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எல்லோருக்கும் சிபாரிசு செய்ய முடியாததும் இதுதான்.

பிடித்ததற்குக் காரணம், பகற்பயணிகளின் ஜீப்புகள் எல்லாம் மாலை ஆறு மணிக்கு வெளியேறிய பிறகு காடு உங்களிடம் விடப்படுகிறது என்பது. புள்ளிமானின் எச்சரிக்கைக் குரலையும் அதைத் தொடர்ந்து மந்திகள் போடும் கூச்சலையும் படுத்தபடி கேட்பதற்கு வேறு வழியே இல்லை. எந்தச் சொகுசு விடுதியும் விற்க முடியாத சரக்கு அது.

சிபாரிசு செய்ய முடியாததற்குக் காரணம், அங்கே உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வெட்டவெளியும் பக்கத்தில் ஓர் ஆறோ குளமோ மட்டும்தான். கூடாரம், சமையல் சாமான், குடிநீர், விளக்கு எல்லாம் நீங்கள் கொண்டுபோக வேண்டும். வாயில் மூடிய பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நினைத்தவுடன் காரை எடுத்துக்கொண்டு புறப்படுவதற்கு அது ஹோட்டல் அல்ல. பூங்காவின் வழிகாட்டி சொல்வதுதான் சட்டம். அவர் இறங்காதே என்றால் இறங்கக்கூடாது.

சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். வாழைப்பழம், உப்பு, அரிசி எல்லாவற்றையும் யானை மணந்து பிடிக்கும். நெல்லுக்காகச் சுவரையே இடிக்கும் மிருகத்துக்குத் துணி ஒரு தடையா? எல்லாவற்றையும் வாகனத்துக்குள் பூட்டுங்கள். குரங்குக்கும் பன்றிக்கும் அதே மருந்து. தண்ணீர் குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லீற்றர் என்று கணக்கு வையுங்கள். சமைக்கவும் கழுவவும் வேறு.

கட்டணம் பற்றிய ஒரு குறிப்பு, ஓகஸ்டில் வெளிநாட்டு உறவுகளை எதிர்பார்த்திருப்பவர்களுக்காக. உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் நுழைவுக் கட்டணம் வேறு வேறு, இடைவெளி மிகப் பெரிது. இங்கே பிறந்தவர்தான், யாழ்ப்பாணத்தில் படித்தவர்தான் என்று வாயிலில் வாதாடிப் பயனில்லை. இலங்கைத் தேசிய அடையாள அட்டை இல்லாமல் கனேடியக் கடவுச்சீட்டோடு வரும் மாமா வெளிநாட்டவர்தான். அவருடைய கணக்கைத் தனியாகப் போட்டுவிட்டு வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். யாலவின் முதலாம் வலயம் வறட்சி காரணமாக வழமையாகச் செப்டெம்பர் தொடங்கி ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படுவதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முதுகில் வீட்டைச் சுமப்பது

நடந்துபோய்த் தங்குவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆண்டுதோறும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தை முருகனை வணங்கிவிட்டு, குமண, யால காடுகளின் ஊடாக, கும்புக்கன் ஆற்றையும் மாணிக்க கங்கையையும் தாண்டி நடக்கிறார்கள். இரவில் காட்டிலேயே படுக்கிறார்கள். அவர்கள் பைகளைப் பார்த்தால் பாரம் குறைப்பதென்றால் என்ன என்று விளங்கும்: ஒரு விரிப்பு, ஒரு மாற்றுடுப்பு, அரிசி, பருப்பு, தண்ணீர். கடையில் வாங்கும் எழுபது லீற்றர் முதுகுப்பையை நிரப்பிக்கொண்டு இரண்டாம் கிலோமீற்றரிலேயே உட்கார்ந்துவிடும் இளைஞர்கள் அவர்களுடன் ஒரு நாள் நடந்துவிட்டு வரலாம். (காட்டுப்பாதை ஆண்டில் விழாவையொட்டிய சில நாட்களுக்கு மட்டுமே திறக்கப்படும்.)

மலையில் இந்த வகைக்கு நக்கிள்ஸ் தொடரும் ஹோட்டன் சமவெளியும் பெயர்பெற்றவை. இரண்டும் 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டுக்குள் அடங்குபவை. இரண்டிலும் அனுமதி இல்லாமல் தங்க முடியாது. நக்கிள்சுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களம், ஹோட்டனுக்கு வனஜீவராசிகள் திணைக்களம். நக்கிள்சில் மீமுரே போன்ற ஊர்களில் உள்ளூர் வழிகாட்டியைப் பிடித்துக்கொள்வதைச் செலவாக எண்ணாதீர்கள். மூடுபனி இறங்கினால் பத்தடி முன்னே பாதை தெரியாது.

கொழும்பில் வாழ்பவர்கள் நம்ப மறுப்பது ஹோட்டன் சமவெளியின் குளிரை. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். ஹோட்டன் 2100 மீற்றருக்கு மேல். தெளிந்த வானமுள்ள ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. கொழும்பில் குளிரூட்டிக்குக் கீழே போர்த்தும் போர்வை அங்கே துவாய்க்குச் சமம். ஐந்து பாகைக்கு ஏற்ற உறக்கப்பை, அதற்குக் கீழே தடித்த பாய், தலைக்குத் தொப்பி. குளிர் மேலிருந்து வருவதை விடக் கீழே மண்ணிலிருந்துதான் அதிகம் ஏறும். பாயில் மிச்சம் பிடித்தவர் உட்கார்ந்தே விடிய வைப்பார். வாயிலில் பைகளைச் சோதித்து பொலித்தீனை வாங்கிவிடுவார்கள். பிஸ்கட் உறையைக்கூடக் கழற்றச் சொல்வார்கள். அங்குள்ள மரைகள் பொலித்தீனைத் தின்றுவிடுவதால் வந்த ஏற்பாடு அது. வீட்டிலேயே கடதாசியிலும் டப்பாவிலும் மாற்றிக்கொண்டு போனால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

ஈரக்காட்டில் அட்டைக்கடி நிச்சயம். அதற்கு அஞ்சுகிறவர்கள் அட்டைக் காலுறை அணியலாம்; கடித்தாலும் பெரிய ஆபத்தில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது எலிக்காய்ச்சல். சேற்றிலும் வயல்நீரிலும் இறங்கி நடந்துவிட்டு வந்து ஓரிரு கிழமைக்குள் காய்ச்சலும் தசைவலியும் வந்தால், வைத்தியரிடம் 'இந்த இடத்துக்குப் போய்வந்தேன்' என்பதை முதலில் சொல்லுங்கள். டெங்கு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மிச்சமுள்ளவை

தொங்குபடுக்கை: இரண்டு மரங்களுக்கிடையே கட்டி, மேலே தறப்பாள், சுற்றிலும் நுளம்பு வலை. ஈரமண்ணையும் அட்டையையும் ஒரே அடியில் தவிர்த்துவிடலாம், பாரமும் குறைவு. தனியாகப் போகும் இளைஞருக்கு அருமையான தேர்வு, குடும்பத்துக்குச் சரிவராது. மரமில்லாத ஹோட்டன் புல்வெளிக்கும் கடற்கரைக்கும் உதவாது.

கூரையில் கூடாரம் பொருத்திய ஜீப்பும் படுக்கை வைத்த வானும் இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன. படத்தில் நன்றாக இருக்கும். இரவில் எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு இந்த நாட்டில் நல்ல பதில் இல்லாதவரை நான் அந்தப் பணத்தை விருந்தினர் விடுதிக்குக் கொடுத்துவிடுவேன்.

சொகுசுக் கூடாரத்தைப் பற்றிப் பலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். யாலவுக்கு அருகே 2017இல் திறக்கப்பட்ட வைல்ட் கோஸ்ட் டென்டட் லொட்ஜ் போன்றவற்றில் கூடாரம் என்பது துணிச்சுவர் போட்ட ஹோட்டல் அறை. கட்டில், குளியலறை, குளிரூட்டி எல்லாம் உண்டு. கட்டணமும் டொலரில் யோசிக்க வேண்டியது. அதைவிடக் குறைந்த விலையில், தேயிலை மலைகளிலும் உடவளவைப் பக்கத்திலும் கட்டில் போட்ட கூடாரங்கள் இருக்கின்றன. வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கும், புதிதாகத் திருமணமானவர்களுக்கும், காட்டுச் சத்தம் வேண்டும் ஆனால் காட்டுக் கழிப்பறை வேண்டாம் என்பவர்களுக்கும் அந்தப் பணம் வீண் அல்ல. பிள்ளைக்கு முளை அடிக்கவும் நெருப்பு மூட்டவும் பழக்க வேண்டுமென்று அங்கே கூட்டிப்போவதுதான் வீண். அதற்குப் பாடசாலைச் சாரணர் குழு இருக்கிறது. 1912 முதல் இந்த நாட்டில் அந்த வேலையைச் செய்துவருகிறார்கள்.

அப்படியானால் எதை எடுப்பது?

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், போட்டு வைத்திருக்கும் கூடாரம், மேடையில், கழிப்பறைக்குப் பக்கத்தில். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கித்துல்கல. அம்மம்மாவும் வருவதானால் அதே வளவில் அவருக்கு ஓர் அறை. பிள்ளைகள் பத்து வயது தாண்டியவர்கள், சொந்த வாகனம் உண்டு என்றால், வாடகைக் கூடாரத்தோடு பொல்கொடவிலோ தெரிந்தவர் காணியிலோ ஒரு சனிக்கிழமை. அதிலும் தூக்கம் வந்தவர்கள் அடுத்த ஓகஸ்டில் வில்பத்துவுக்கோ உடவளவைக்கோ துணியலாம். பல்கலைக்கழக நண்பர்கள் கூட்டத்துக்குப் பணம் குறைவு, முழங்கால் பலம் அதிகம். அவர்களுக்கு பெப்ரவரி, மார்ச்சில் நக்கிள்ஸ், அனுமதியோடும் வழிகாட்டியோடும். பெண்கள் மட்டும் போவதென்றால், வளவுக்குள் இரவு முழுவதும் நிர்வாகத்தினர் இருக்கும் இடம்தான். வெறும் காணியில் தனியாகக் கூடாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

எதுவும் தீர்மானிக்க முடியவில்லையென்றால், வாடகைக் கூடாரத்தைத் தொடர்மாடியின் மொட்டைமாடியில் ஓர் இரவு போட்டுப் பாருங்கள். முளை அடிக்க முடியாது. தண்ணீர் நிரப்பிய பெரிய போத்தல்களில் கயிற்றைக் கட்டலாம். நிர்வாகக் குழுவிடம் முதலே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் காவலாளி பத்து மணிக்கு வந்து எழுப்புவார். காலி வீதியின் இரைச்சலையும் கடற்கரை ரயிலையும் தாண்டி உங்கள் வீட்டில் யார் தூங்குகிறார், யார் பன்னிரண்டு மணிக்குத் தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குகிறார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். கீழே இறங்கியவரைக் கணக்கில் வைத்து இடத்தைப் பதிவு செய்யுங்கள். ஓகஸ்டுக்கென்றால் பூங்கா இடங்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும். ஜூன் மாதமே பார்க்கத் தொடங்க வேண்டும்.